வசனம் யாரை நோக்கிப் பேசுகிறது?

சமய நூலிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக் காட்டுவது எளிது. அதன் பொருளை உணர்வது அரிது. எடுத்துக் காட்டுகிறவர் அதிகாரத்தின் எண்ணையும் வசனத்தின் எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், கேட்போர் வாயடைத்துப் போகின்றனர். நூலில் இருக்கிறது என்ற ஒன்றே, அது உண்மை என்பதற்கும் நீதி என்பதற்கும் போதிய சான்றாகக் கொள்ளப்படுகிறது. இவ்வழக்கம் ஏதோ ஒரு மதத்திற்கு மட்டும் உரியதன்று. எனினும், எண்ணற்ற மொழிகளில் பெயர்க்கப்பட்டு, வசன எண்ணோடு நாள்தோறும் மேற்கோள் காட்டப்பெறும் நூல் கிறிஸ்தவர்களின் பைபிள் ஆதலால், அதனையே எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வோம். ஒரு வசனத்தின் பொருளை எவ்வாறு அறிவது? அறிந்தபின் அதற்குக் கட்டுப்பட வேண்டியவர் யார்?

நம்மில் பலர் கிறிஸ்தவ அன்பர்களோடு ஒரே தெருவில் வாழ்கிறோம். சிலர் ஒரே குடும்பத்திலும் வாழ்கிறோம். அவர்கள் ஒரு வசனம் சொல்ல, நாம் ஒரு மறுவசனம் சொல்ல, வாதம் நீள்வதுண்டு. அத்தகைய வாதத்தில் வெற்றி பெறுவதற்காக இவ்வாராய்ச்சி எழுதப்படவில்லை. வசனம் என்பது மனிதன் மீது மனிதன் வீசும் கல்லாக மாறிய வரலாறு ஒன்று உண்டு. அதைக் கற்றுக்கொள்வதற்காகவே எழுதப்படுகிறது.

எண்களின் வரலாறு

பைபிளின் ஆசிரியர்கள் எவரும் தம் எழுத்துக்கு அதிகார எண்ணோ வசன எண்ணோ இட்டவரல்லர். பவுல் எழுதியவை கடிதங்கள். ஒரு சபையார் கூடியிருக்க, ஒருவர் முதலிலிருந்து முடிவுவரை உரக்கப் படிக்க, ஏனையோர் கேட்பதற்காக எழுதப்பட்டவை. இன்று நாம் காணும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. பின்னர் கான்டர்பரியின் பேராயராக இருந்து 1228ஆம் ஆண்டில் மறைந்த ஸ்டீபன் லாங்டன் என்பவருக்கு அப்பணி உரியதாகக் கூறுவர். பழைய ஏற்பாட்டின் வசனப் பிரிவு யூத எழுத்தர்களின் மரபிலிருந்து வந்தது. புதிய ஏற்பாட்டிற்கு இன்றுள்ள வசன எண்களை இட்டவர் இராபர்ட் எஸ்டியன் என்னும் பாரிஸ் அச்சகத்தார். 1551ஆம் ஆண்டில் ஜெனீவாவில் அவர் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பிலேயே அவை தோன்றின. ஆகவே பவுலின் கடிதங்கள் ஏறத்தாழ 1500 ஆண்டுகள் வசன எண் இன்றியே வழங்கிவந்தன.

எண்களால் நன்மை உண்டு. தேடும் இடத்தை விரைவில் காணலாம். ஆனால் தொடர்ந்து ஓடும் நீரை எண்ணிட்ட குடங்களில் மொண்டு வைத்தால், ஒரு குடத்து நீரே ஆறு என்று எண்ணும் மயக்கமும் உண்டாகும். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தைப் பாருங்கள். மூன்றாம் அதிகாரத்தின் 22ஆம் வசனம், அடிமைகள் தம் எஜமானர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. அதற்குச் சில வரிகளுக்கு அப்பால், எஜமானர்கள் தம் அடிமைகளுக்கு நீதியானதைச் செய்ய வேண்டும், தமக்கும் மேலே ஓர் எஜமானர் இருப்பதை நினைக்க வேண்டும் என்ற வாக்கியம் வருகிறது. ஒரே மூச்சில் சொல்லப்பட்ட இவ்விரண்டுக்கும் நடுவே அதிகாரத்தைப் பிரித்தவரின் கோடு விழுந்தது. அடிமையின் கடமை மூன்றாம் அதிகாரத்தின் முடிவாயிற்று. எஜமானரின் கடமை நான்காம் அதிகாரத்தின் முதல் வசனமாயிற்று. மூன்றாம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடுகிறவன், எஜமானரின் கடமையைக் கேளாமலே எழுந்து போகலாம்.

எண்ணைப் போலவே சொல்லும் மயக்கும். இங்கு கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘டூலோஸ்’ என்பது. அது விலைக்கு வாங்கப்பட்ட அடிமையைக் குறிக்கும். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் பணியாள் என்னும் பொருள்படும் சொல்லையே இட்டது. நம் தமிழ்நாட்டுச் சபைகளில் நெடுங்காலம் வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பிலும் இங்கு ‘வேலைக்காரர்’ என்றே காண்கிறோம். ஆனால் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், யூதன் கிரேக்கன் என்றும் அடிமை சுதந்தரன் என்றும் வேற்றுமை இல்லை என்று கூறும் மூன்றாம் அதிகாரத்தின் 28ஆம் வசனத்தில், அதே கிரேக்கச் சொல் ‘அடிமை’ என்றே பெயர்க்கப்பட்டுள்ளது. கீழ்ப்படியச் சொல்லும்போது வேலைக்காரன். வேற்றுமை இல்லை என்னும்போது அடிமை. மொழிபெயர்த்தோரின் உள்ளத்தை நாம் அறியோம். ஆனால் கூலி வாங்கிக்கொண்டு வேறிடம் செல்லக்கூடிய வேலைக்காரனை மனத்தில் வைத்துப் படிக்கும் தமிழ் வாசகர், விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் வாழ்ந்த மனிதரிடம் அக்கடிதம் பேசிற்று என்பதை உணராமலே போய்விடக்கூடும்.

ஓர் உவமைக்கு நேர்ந்த கதி

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தப்பி, பெரும் பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய பிரடெரிக் டக்ளஸ் 1845ஆம் ஆண்டில் தம் வரலாற்றை வெளியிட்டார். அவருடைய எஜமானர் 1832ஆம் ஆண்டில் ஒரு மெதடிஸ்ட் எழுப்புதல் கூட்டத்தில் மனமாற்றம் பெற்றவர். அதன்பின் அவர் இரக்கமுள்ளவராக மாறுவார் என்று டக்ளஸ் எதிர்பார்த்தார், கொடுமையே மிகுந்தது. அவ்வீட்டில் ஓர் இளம்பெண் இருந்தாள். குழந்தையாயிருந்தபோது தீயில் விழுந்து கைகள் பயனற்றுப்போனவள். அவளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த எஜமானர், அச்செயலுக்கு ஆதாரமாக ஒரு வசனத்தைச் சொன்னார். எஜமானின் சித்தத்தை அறிந்தும் அதன்படி செய்யாத ஊழியக்காரன் பல அடிகள் அடிக்கப்படுவான் என்ற கருத்துடைய வசனம் அது.

அவ்வசனம் லூக்கா சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் 47ஆவதாக உள்ளது. அதற்கு முன்னுள்ள ஐந்தாறு வசனங்களைப் படித்தால் என்ன காண்கிறோம்? இயேசு ஓர் உவமை சொல்கிறார். வீட்டு எஜமான் வெளியே போகும்போது ஒரு விசாரணைக்காரனை அமர்த்தி, மற்ற ஊழியருக்கு வேளாவேளைக்கு உணவு அளக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைக்கிறான். எஜமான் வரத் தாமதிக்கிறார் என்று எண்ணிய விசாரணைக்காரன், தன்கீழ் உள்ள ஆண்களையும் பெண்களையும் அடிக்கத் தொடங்குகிறான். உண்டு குடித்து வெறிக்கிறான். எதிர்பாராத நாளில் எஜமான் வந்து அவனைக் கடுமையாகத் தண்டிக்கிறான். இதனைத் தொடர்ந்தே, அறிந்தும் செய்யாத ஊழியனுக்குப் பல அடிகள் என்ற வாக்கியம் வருகிறது. எவனிடம் மிகுதியாகக் கொடுக்கப்பட்டதோ அவனிடம் மிகுதியாகக் கேட்கப்படும் என்று அது முடிகிறது.

அன்பர்களே, இதனை நன்கு எண்ணிப் பாருங்கள். பெண்களை அடித்த அதிகாரிக்குக் கூறப்பட்ட எச்சரிக்கையைச் சொல்லிக்கொண்டே ஓர் அதிகாரி ஒரு பெண்ணை அடித்தான். வசனத்தின் எழுத்தில் அவன் ஒன்றையும் மாற்றவில்லை. அது தன்னை நோக்கிப் பேசிற்று என்பதை மட்டுமே மறைத்தான். தன்னிடம் மறைத்தானோ பிறரிடம் மறைத்தானோ, விளைவு ஒன்றே.

சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ளுதலும் உண்டு. ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில், திராட்சரசத்தால் வெறித்து உறங்கி விழித்த நோவா, தன் மகன் காம் செய்த தவற்றுக்காகக் காமின் மகனாகிய கானானைச் சபிக்கிறான். சபித்தவன் நோவா, கடவுள் அல்லர். சபிக்கப்பட்டவன் கானான், அடுத்த அதிகாரத்தின்படி அவன் சந்ததியார் வாழ்ந்தது பாலஸ்தீனப் பகுதி. ஆப்பிரிக்க நாடுகளோடு தொடர்புபடுத்தப்படும் கூஷ் முதலிய பிற மக்கள்மீது சாபம் இல்லை. தோலின் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாயிருக்கச் சபிக்கப்பட்டவர்கள் என்பதற்கு இதுவே சான்றாகத் தலைமுறை தலைமுறையாகக் காட்டப்பட்டது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துசென்ற தென் மாநிலங்களின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் சவான்னா நகரில் ஆற்றிய உரையிலும் கானானின் சாபத்தைக் குறிப்பிட்டார்.

இரு கத்தரிப்புகள்

1807ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு பைபிள் அச்சிடப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே தேர்ந்தெடுத்த பகுதிகளைக் கொண்டது. முழு நூலின் 1189 அதிகாரங்களில் 232 மட்டுமே அதில் இருந்தன. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த மக்களை மோசே மீட்டுச் சென்ற வரலாறு நீக்கப்பட்டது. அடிமை சுதந்தரன் என்ற வேற்றுமை இல்லை எனும் கலாத்தியர் வசனமும் நீக்கப்பட்டது. யோசேப்பு எகிப்தில் அடிமையாக இருந்த கதை நின்றது. எஜமானர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் வசனமும் நின்றது.

இதற்கு எதிரே இன்னொரு நிகழ்ச்சியை வைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பின மக்களின் சமயச் சிந்தனையாளராகிய ஹோவர்ட் தர்மன், 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் தம் பாட்டியைப் பற்றி எழுதியுள்ளார். அடிமையாகப் பிறந்த அம்மூதாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரனே பைபிளைப் படித்துக் காட்டுவார். பவுலின் கடிதங்களை மட்டும் அவர் படிக்க விடுவதில்லை. அன்பைப் பற்றிய கொரிந்தியர் முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் ஒன்றே விலக்கு; அதுவும் எப்போதோ ஒருமுறை. வளர்ந்தபின் பேரன் காரணம் கேட்டார். அடிமை நாட்களில் எஜமானரின் போதகர் வந்து, அடிமைகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற பவுலின் வசனத்தையே ஆண்டுக்கு மூன்று நான்கு முறை பிரசங்கித்தார் என்றும், விடுதலை கிடைத்தால் அப்பகுதியைப் படிப்பதில்லை என்று தாம் உறுதி பூண்டதாகவும் பாட்டி கூறினார்.

இலண்டனில் அச்சிட்டவர்களும் நூலைக் கத்தரித்தார்கள், பாட்டியும் கத்தரித்தார். இரண்டும் ஒன்றுதானே என்று ஒருவர் வினவலாம். வினா நேர்மையானது, விடையும் நேர்மையாகவே இருத்தல் வேண்டும். அச்சிட்டவர்கள் பிறர் செவிக்காகக் கத்தரித்தார்கள். தாம் முழு நூலையும் வைத்துக்கொண்டு, கேட்போர் அறியாவண்ணம் ஒளித்தார்கள். பாட்டி தம் செவிக்காகவே விலக்கினார், எதையும் ஒளிக்கவில்லை. முழு நூலும் பேரன் கையிலேயே இருந்தது. கேட்டபோது காரணமும் சொன்னார். முன்னது பிறரைக் கட்டிவைக்கச் செய்தது; பின்னது தன்னைக் கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டது. ஆயினும் பாட்டியின் வழி முழு அறிவு ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் விலக்கிய கடிதங்களிலேயே, அந்தப் போதகருக்குப் பதில் சொல்லக்கூடிய கலாத்தியர் வசனமும் இருந்தது. அது அவர் செவிக்கு எட்டாதபடி செய்தது யார் குற்றம் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

விளக்கத்தால் தீராத வசனங்கள்

முன்பின் பார்த்துப் படித்தால் எல்லா வசனமும் நல்ல வசனமாகிவிடும் என்று சிலர் நம்புகின்றனர். அது உண்மையன்று. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின் 44 முதல் 46 வரையுள்ள வசனங்கள், அயல் இனத்தாரை அடிமையாக வாங்கவும் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் செல்லவும் வெளிப்படையாக இடமளிக்கின்றன. விர்ஜீனியாவின் பாப்டிஸ்ட் போதகர் தார்ன்டன் ஸ்ட்ரிங்ஃபெல்லோ 1841ஆம் ஆண்டில் அடிமை முறைக்கு ஆதரவாக எழுதியபோது இத்தகைய வசனங்களைத் தாமாகப் புனையவில்லை. மறுபுறம், தியடோர் வெல்டு 1837ஆம் ஆண்டிலேயே பைபிளைக் கொண்டு அடிமை முறையை எதிர்த்து நூல் எழுதியிருந்தார். மனிதனைத் திருடி விற்பவன் கொல்லப்பட வேண்டும் என்று யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தின் 16ஆம் வசனம் கூறுகிறது. தப்பி வந்த அடிமையை எஜமானனிடம் ஒப்படைக்கலாகாது என்று உபாகமம் 23ஆம் அதிகாரத்தின் 15ஆம் வசனம் கூறுகிறது. தப்பிய அடிமையைப் பிடித்துக் கொடுக்கக் கட்டளையிட்ட 1850ஆம் ஆண்டுச் சட்டம், இதற்கு நேர் எதிராக, பைபிள் படிக்கும் மக்களால் இயற்றப்பட்டது. இருதரப்பாரும் ஒரே நூலைப் படித்து ஒரே கடவுளை வேண்டினர் என்பதை லிங்கன் 1865ஆம் ஆண்டு மார்ச்சில் தம் பதவியேற்பு உரையில் சுட்டிக்காட்டினார். வசனத்தை வசனம் வெல்லவில்லை. போர் முடிந்து அதே ஆண்டு டிசம்பரில் அரசியல் சட்டத் திருத்தம் வந்தபின்பே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அடிமை உடைமையை ஆதரித்து 1845ஆம் ஆண்டில் பிரிந்து அமைந்த தென் பாப்டிஸ்ட் சபை, 1995ஆம் ஆண்டில் அதற்காக மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. நடுவே 150 ஆண்டுகள் சென்றன.

டாக்டர் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட சாதி ஒழிப்பு பற்றிய உரை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. சாஸ்திரங்களுக்கு இலக்கண நுட்பத்தால் நற்பொருள் கற்பிப்பதால் பயனில்லை. மக்கள் அவற்றை எவ்வாறு புரிந்து நடக்கிறார்கள் என்பதே கேள்வி. ஆகையால் அவற்றின் அதிகாரத்தையே மறுக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். புத்தரும் குருநானக்கும் அவ்வாறே செய்தனர் என்றும் எடுத்துக் காட்டினார். இது ஆராய்ச்சியை வேண்டாம் என்பதன்று. ஆராய்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு என்பதே அதன் கருத்தாக நாம் கொள்ளலாம்.

பகவான் புத்தர் இரு வகை வாக்குகளைப் பிரித்துக் காட்டினார். பொருள் வெளிப்படையாக நிற்பது ஒன்று. பொருளை ஆராய்ந்து வருவித்துக்கொள்ள வேண்டியது மற்றொன்று. முன்னதைப் பின்னதாகவும் பின்னதை முன்னதாகவும் காட்டுகிறவர் இருவருமே ததாகதரைத் திரித்துக் கூறுவோர் என்றார். இதனைக் கொண்டு மேலே கண்டவற்றை அளந்து பாருங்கள். லூக்காவின் உவமை ஆராய்ந்து பொருள் கொள்ள வேண்டியது. சவுக்கு ஏந்தியவன் அதனைச் சட்டமாக்கினான். லேவியராகமத்தின் வாக்கு வெளிப்படையானது. அதற்கு மறைபொருள் கற்பித்து மழுப்புவது நேர்மையாகாது. அது அவ்வாறே கூறுகிறது என்று ஒப்புக்கொண்டு, அது நீதியன்று என்றும் கூறுதலே அறிவுடையோர் செயல். நூலில் உள்ளதென்பதால் ஏற்காதீர்கள். தீங்கும் துன்பமும் விளைப்பது, அறிவுடையோரால் பழிக்கப்படுவது என்று நீங்களே அறிந்தால் அதனை விடுங்கள் என்று காலாமர்களுக்குக் கூறப்பட்ட அறிவுரை இங்குதான் பயன்படுகிறது.

நம் நூல்களும் நாமும்

இவ்வளவும் படித்துவிட்டு, நம் நூல்களில் இத்தகைய இடர்ப்பாடு இல்லை என்று மகிழ்ந்துவிடலாகாது. விநய பிடகத்தின் மகாவக்கத்தில், அடிமையாயிருப்பவனுக்குத் துறவு அளிக்கலாகாது என்று ஒரு விதி உண்டு. தப்பி வந்து பிக்குவான ஓர் அடிமையைப் பழைய எஜமானர்கள் அடையாளம் கண்டதால் எழுந்த விதி அது. சங்கத்தை அரசரோடும் செல்வரோடும் பகை கொள்ளாமல் காக்க இது தேவைப்பட்டது என்று விளக்கம் கூறலாம். ஆனால் வாயிலில் வந்து நின்ற அந்த அடிமைக்கு அவ்விதி என்ன செய்தது என்பதையும் நாம் கேட்க வேண்டும். உபாசகர் உயிர்களை விற்கும் வாணிகம் செய்யலாகாது என்ற வாக்கும் நம் நூலில் உண்டு. வலிமைக்கு ஏற்ற வேலை, உணவும் ஊதியமும், நோயில் பேணுதல், நல்லுணவைப் பகிர்தல், வேளையறிந்து ஓய்வு என எஜமானருக்கு ஐந்து கடமைகள் விதிக்கும் சிகாலோவாத சூத்திரமும் உண்டு. இவற்றை மட்டும் மேடையில் சொல்லி, முன்னதை மறைத்தால், நாமும் 1807ஆம் ஆண்டின் கத்தரிக்கோலையே கையில் எடுத்தவர்கள் ஆவோம். உபாகமத்தின் 23ஆம் அதிகாரம் இவ்வொரு செய்தியில் நம் விதியைவிட மேலாக நிற்கிறது என்று சொல்ல ஒரு பௌத்தன் கூசவேண்டியதில்லை.

ஆகவே எந்த நூலின் எந்த வசனம் நம்முன் எடுத்துக் காட்டப்பட்டாலும், நான்கு வினாக்களைக் கேட்கப் பழகுவோம். இதற்கு முன்னும் பின்னும் என்ன உள்ளது? இதனை யார், யாரிடம், எந்நிலையில் கூறினார்? மூலச் சொல்லின் பொருள் என்ன? இதே நூலில் இதற்கு மாறாக உள்ளது எது? இந்நான்கும் கல்வியால் விடை காணக்கூடியவை. ஐந்தாவது ஒன்று உண்டு. அது நெஞ்சால் விடை காண வேண்டியது. இவ்வசனத்தின் சுமை யார் தோளில் இறங்குகிறது? சொல்கிறவர் தோளிலா, கேட்கிறவர் தோளிலா?

பாம்பை வாலில் பிடித்தவனை அப்பாம்பே கடிக்கும் என்ற உவமையைத் தம்மத்தைத் தவறாகப் பற்றுவோருக்குப் பகவான் கூறினார். அடிமைப் பெண்ணை வசனம் சொல்லி அடித்தவன் கதையில் இன்னும் ஒரு கொடுமையைக் காண்கிறோம்: வாலைப் பிடித்தவன் அவன், கடிபட்டவள் அவள். சமய நூலைத் தவறாகப் பற்றுவதன் தீங்கு பெரும்பாலும் பற்றியவனை விட்டு, எளியவர் மீதே முதலில் பாய்கிறது. நூலின் பெயரால் தாழ்த்தப்பட்டு, நூலின் அதிகாரத்தை மறுத்து எழுந்த நாம் இதனை மறக்கலாகாது. நம் அண்டை வீட்டாரின் நூலிலிருந்து அவர்களை நாணச் செய்யும் வசனத்தைத் தேடுவதை விடுத்து, எந்நூலிலிருந்தாயினும் நம்மைத் திருத்தும் வசனத்தைத் தேடுவோமாக. எஜமானருக்குரியதை எஜமானரும், வலியோருக்குரியதை வலியோரும், கணவருக்குரியதைக் கணவரும், நமக்குரியதை நாமும் முதலில் படிப்போமாயின், வசனத்தின் பொருள் விளங்கத் தொடங்கும்.